கிணற்றடிக் கேமரா

அத்தியாயம் 19

பின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

சாயங்காலம் நந்தினி குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். கொழுந்தன் இனியன் வீட்டில் இல்லையா? அவன் மனைவி கவிநிலாவும் இல்லையா? அப்படியென்றால் மாமா எங்கே?

காலையில் மாமனார் பரசுராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் மாத்திரையும் வேட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு, "வரேம்மா, முறை முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கமாகப் போனார். சின்ன மகன் வீட்டுக்குத்தான் போகிறார் என்று அவளும் அடுப்படியில் இருந்தபடியே தலையாட்டினாள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பா வீடு மாறுவார். இரண்டு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது பெரியவர்கள் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு அது. கிரிவலப் பாதையைப் பார்த்த முன் வீடும் மளிகைக் கடையும் மூத்தவன் மாறனுக்கு. சந்துப் பக்கம் பார்த்த பின் வீடு இளையவன் இனியனுக்கு. நடுவில் கிணறும் துவைக்கிற கல்லும் பொது. அப்பாவும் பொது. பாத்திரம், பண்டம், மாடு, மோட்டார் எல்லாம் பிரித்தாகிவிட்டது. வீட்டைச் சுற்றி இனியன் மாட்டியிருந்த நாலு கேமராவைக்கூட ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வாசல் கேமரா இரண்டும் மாறனுக்கு, கிணற்றடிக் கேமராவும் சந்துக் கேமராவும் இனியனுக்கு. அண்ணன் வீட்டுக்கு ஒரு இன்டர்நெட், தம்பி வீட்டுக்குத் தனி இன்டர்நெட். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துக்கொண்டவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்றுதான் ஊரும் கேட்டது.

நந்தினி உள்ளே ஓடினாள். பௌர்ணமி அன்று செல்போன் சிக்னல் கிடைப்பது சாமி தரிசனம் கிடைப்பதைவிடக் கஷ்டம். லேண்ட் லைனில் இனியனைப் பிடித்தாள். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"மெட்ராஸ்ல, அண்ணி. கவி தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். ஏன், அப்பாவுக்கு ஒடம்பு ஏதும்..."

"மாமா உங்ககூட இல்லியா?"

"எங்ககூடவா? முறை நாளைக்குத்தான அண்ணி? சூரியன் உதிக்கறப்ப பௌர்ணமி நாளைக்குத்தான் இருக்குது. நாங்க ராத்திரி பஸ் ஏறி விடியறதுக்குள்ள வந்துடுவோம்."

நந்தினி ரிசீவரோடு திரும்பினாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். இன்று பகலில் தொடங்கி நாளைப் பகல்வரை பௌர்ணமி. நிலா இன்றைக்கு என்பதால் மாறன் இன்று என்று கணக்கு வைத்தான். உதயத்துக்குத்தான் திதி என்று இனியன் நாளை என்று கணக்கு வைத்தான். ஒருவனை ஒருவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்க அப்பா எவன் கணக்கிலும் இல்லாமல் போய்விட்டார்.

"தம்பி, மாமா காலையிலயே கெளம்பிட்டாரு. உங்க வீட்டுக்குத்தான்னு நாங்க நெனச்சோம்" என்றாள். போனை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

கடையில் ஈ மொய்த்த மாதிரி கூட்டம். தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாறனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"ஊசி போட்டுக்கினாரா?"

"காலையில போட்டுக்கினாரு. அதுக்கு மேல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாருங்க."

சர்க்கரை நோயாளி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் தலை சுற்றும், கண் இருட்டும், இருந்த இடத்திலேயே விழுவார். போன மாசம் அப்படித்தான் பாத்ரூமில் விழுந்தார்.

மாறன் முதலில் தன் பங்குக் கேமராக்களைப் பார்த்தான். கடைக் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். காவித் துண்டுகள், குழந்தைகளைத் தோளில் தூக்கியவர்கள், வெறுங்காலோடு நடக்கும் பெண்கள். மஞ்சள் பையோடு வெள்ளைச் சட்டைக் கிழவர் ஒருவரும் அந்த வாசலைக் கடக்கவில்லை.

"முன்பக்கம் வரல. அப்ப பின்னாலதான்" என்று மாறன் கிணற்றடிக்கு ஓடினான்.

சந்துக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது, கொண்டி மட்டும்தான். திறந்து வெளியே போனவர் சாத்திவிட்டும் போயிருக்கலாம். யாருமே திறக்காமலும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை.

மாறன் திரும்பினான். அவன் கண் கிணற்றில் போய் நின்றது.

ஐப்பசி மழையில் கிணறு முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மேலே வேப்பிலையும் சருகும் மிதந்தன. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். மாறன் குனிந்து டார்ச் அடித்தான். வெளிச்சம் தண்ணீர் மேலேயே நின்றுவிட்டது.

"ஏங்க, அப்படிப் பாக்காதீங்க."

"தல சுத்தி வுழுந்திருந்தா?" அவன் குரல் உடைந்தது. "ஃபயர் சர்வீஸ கூப்புடறேன். தண்ணிய எறைச்சிப் பாக்கலாம்."

"இந்தக் கூட்டத்துல வண்டி எப்பங்க வந்து சேரும்? அதுக்குள்ள அவரு வெளியில எங்கியாவது மயங்கிக் கெடந்தா? எங்க தேடறதுன்னு மொதல்ல தெரியணும்."

சொல்லிக்கொண்டே அவள் அண்ணாந்தாள். பின் வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே கிணற்றடிக் கேமரா உட்கார்ந்திருந்தது. கிணறு, கல், சந்துக் கதவு மூன்றையும் அதுதான் பகல் முழுக்கப் பார்த்திருக்கிறது. ஆனால் அது இனியன் பங்கு. அதன் கம்பி இனியன் வீட்டுக்குள் போகிறது, வீடு பூட்டியிருக்கிறது, சாவி மெட்ராஸில் இருக்கிறது.

மறுபடி லேண்ட் லைன். இந்தத் தடவை ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தம்பி, கெணத்தடிக் கேமராவை இங்கேருந்து பாக்கணும். அங்க போன்லயோ கம்ப்யூட்டர்லயோ உங்களால பாக்க முடியுமா?"

"முடியாது அண்ணி. வெளியிலேருந்து எவனாவது பூந்துடுவான்னு நான் அந்த வழியே வைக்கல. வயர்லெஸ்ஸும் ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன். கம்பியிலதான் போகணும்." மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது, நாதஸ்வரம் தேய்ந்தது. "கேமராவுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைப் பொட்டி இருக்குதில்ல? என் ரெண்டு கேமரா வயரும் அதுலதான் சேருது. பழைய நீல வயர் இருக்குதா பாருங்க. பாகம் பிரிக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு ஓடிக்கினு இருந்தது. நான்தான் அத உருவி வுட்டேன்."

நீல வயரின் ஒரு முனை நந்தினியின் மேசைக்குப் பின்னால், தூசியோடு சுருண்டு கிடந்தது. மறுமுனை வெளியே ஆணியில் தொங்கியது.

"பொட்டியில காலியா ஒரு ஓட்டை இருக்கும். அதுல சொருகணும். ஆனா பொட்டி பூட்டியிருக்குது."

மாறன் கதவருகில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஏணியைச் சாய்த்துவிட்டான், கையில் சுத்தியல்கூட எடுத்துவிட்டான். ஏறவில்லை. ஒருத்தர் பங்கில் ஒருத்தர் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்குக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். பெற்ற தகப்பன் கிணற்றில் கிடக்கிறாரா என்று தெரியாத நேரத்திலும் மனுஷனுக்கு அது ஞாபகம் வருகிறது பாருங்கள்.

"கேளு நந்தினி. ஒடைக்கலாமான்னு கேளு."

நந்தினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காதுல வுழுந்துச்சா தம்பி? ஒடைக்கலாமான்னு உங்க அண்ணன் கேக்கறாரு!"

"ஒடைக்கச் சொல்லுங்க அண்ணி. கேக்கறதுக்கு இன்னா இருக்குது!"

ஒரே அடி. பூட்டு கிணற்றடியில் விழுந்தது. மாறன் வயரைச் சொருகினான். நந்தினி உள்ளே தன் முனையை வீட்டு ரவுட்டரில் சொருகி, லேப்டாப்பில் இனியன் சொன்ன எண்ணைத் தட்டினாள். நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ரெண்டு, அம்பது.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தைத் திறக்க முடியவில்லை என்று வெள்ளைத் திரை வந்தது.

"வரல தம்பி!"

"பொட்டியில பச்சை லைட்டு எரியுதா?"

"எரியுது!" என்று ஏணி மேலிருந்து மாறன் கத்தினான். தம்பியின் கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில்தான். இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

நந்தினி உதட்டைக் கடித்தாள். டவுனில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அவள். பத்தாம் வகுப்புக்கு இதையேதான் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறாள். படபடப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

"அண்ணி, உங்க வீட்டு நம்பர் எல்லாம் மூணாவது எடத்துல ஒண்ணு. எங்க வீட்டுது ரெண்டு. வயர் சேந்துட்டாலும் உங்க லேப்டாப் இன்னும் முன் வீட்டு நம்பர்லதான் இருக்குது. அது கேமராவை வெளி ஆளுன்னு நெனச்சிக்கினு, உங்க இன்டர்நெட் பக்கமாப் போய் தேடிக்கினு இருக்கும்."

"ஆமா... ஆமா!" நந்தினி ரவுட்டரிலிருந்து நீல வயரைப் பிடுங்கி நேராக லேப்டாப்பில் செருகினாள். "என் நம்பரை நானே உங்க வரிசையில போட்டுக்கறேன். ரெண்டுல எது காலியா இருக்குது?"

"எழுபது போடுங்க. ரெண்டு, எழுபது."

அவசரத்தில் ஒரு தடவை தப்பாக விழுந்தது. அழித்துவிட்டுப் போட்டாள். மறுபடி கேமரா எண்ணைத் தட்டினாள்.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சி! பாஸ்வேர்டு?"

இனியன் கொஞ்சம் தயங்கினான். "பழசுதான் அண்ணி. நான் மாத்தல."

பழசு என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. செத்துப்போன மாமியாரின் பெயர். நந்தினி 'ராணியம்மாள்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். கிணற்றடி திரையில் வந்தது. கிணறு, கல், வேப்பமரம், ஏணி மேல் அவள் புருஷன்.

ஆள் யாரும் நடமாடினால் படம் எடுத்துத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும் கேமரா அது. நந்தினி காலைப் படங்களைத் திறந்தாள். மாறன் இறங்கி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"சொல்லுங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியல, நீங்க சொல்லிக்கினே வாங்க."

"மாமா வராரு. கையில பை. உங்க கதவாண்ட நிக்கறாரு."

அடுத்த படம். பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டைப் பாக்கறாரு. இப்ப... கல்லு மேல உக்காந்திருக்கறாரு."

அடுத்த படமும் கல். அதற்கடுத்ததும் கல். வேப்பமர நிழல் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருந்தது. உள்ளே போய் "சின்னவன் வீடு பூட்டியிருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லையா? முன் வீட்டில் முறை முடிந்துவிட்டது, பின் வீட்டில் முறை ஆரம்பிக்கவில்லை. இடையில் இருந்த கல்தான் பொது. அதில் உட்கார்ந்துவிட்டார்.

"கெணத்துகிட்ட போனாரா?" மாறன் கேட்டான்.

"பொறுங்க."

அடுத்த படத்தில் அவர் எழுந்து நின்று, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மேலே இருந்தது. அடுத்ததிலும் அப்படியே, கை கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்ததில் வாயும் திறந்திருந்தது.

"தம்பி... மாமா கேமராவப் பாத்துக் கையாட்டறாரு. உங்களக் கூப்புடறாரு தம்பி."

எதிர்முனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "எங்க இருந்தாலும் அதுல உன்னப் பாத்துக்கினே இருப்பேம்ப்பான்னு அவருகிட்ட சொல்லியிருந்தேன் அண்ணி. சும்மா... வேடிக்கைக்குச் சொன்னேன்."

அவன் அழுதான். மாறன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நந்தினி அடுத்த படத்தைத் திறந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

முன் வீட்டின் கிணற்றடிக் கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு கை நீண்டு வாசலோரத்து வாளியை எடுத்துக்கொண்டிருந்தது. பச்சை வளையல் போட்ட கை. அவள் கை. பௌர்ணமி அன்று சந்துப் பக்கமாக யார் யாரோ தண்ணீர் கேட்டு நுழைந்துவிடுவார்கள் என்று, பகலில் வாளியை உள்ளே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாளே, அந்த நேரம். படத்தில் மாமா கல்லை விட்டு எழுந்து கதவைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்திருந்தார். முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

அடுத்த படத்தில் கதவு சாத்தியிருந்தது.

அதற்கடுத்ததில் அவர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியிருந்தார். அதற்கடுத்ததில் கை கீழே இருந்தது.

தட்டவில்லை. தட்டியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். அடுப்படிக்கும் அந்தக் கதவுக்கும் நாலு எட்டுதான். மருமகள் தன்னைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் நின்றிருக்கிறார். நந்தினிக்குத் திரையை மூடிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"அண்ணி? அப்புறம் இன்னா ஆச்சி? உங்க கதவத் தட்டினாரா? அண்ணன் தொறக்கலியா?"

அந்தக் கேள்வியில் இரண்டு வருஷத்துக் கோபமும் இருந்தது. மாறன் திரையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. தொலைபேசிப் பக்கமாகக் குனிந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நந்தினிக்குத் தெரிந்தது. அவன் தோளில் கை வைத்துத் தடுத்தாள்.

"உங்க அண்ணன் கடையில இருந்தாரு தம்பி. கதவ நான் சாத்துனேன். மாமா நிக்கறத நான் பாக்கல. அவரு பாத்துட்டேன்னு நெனச்சிக்கினாரு. தட்டவே இல்ல."

வெளியே பாதையில் அண்ணாமலைக்கு அரோகரா என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போயிற்று.

"இன்னொரு கதவ பூட்டினவன் நான்தான அண்ணி" என்றான் இனியன்.

நந்தினி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மிச்சப் படங்களை ஓட்டினாள். மாமா கிணற்றின் பக்கமே போகவில்லை. சந்துக் கதவைத் திறந்தார், வெளியே போனார், திரும்பி அதைச் சாத்தினார். மாறன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிணறு இல்லை. கிணறு இல்லவே இல்லை.

"சந்துக் கேமராவையும் பாருங்க அண்ணி. ரெண்டு, அம்பத்தொண்ணு. எந்தப் பக்கம் போனாரு?"

சந்து முனையில் வெள்ளைச் சட்டை சின்னதாகத் தெரிந்தது. கிரிவலம் போகிறவர்கள் அத்தனை பேரும் இடப்பக்கமாக ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வலப்பக்கம் திரும்பினார். அவ்வளவு ஜனத்துக்கும் எதிராக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் படம் இல்லை.

"கூட்டத்துக்கு எதிராப் போறாரு தம்பி. செங்கம் ரோட்டுப் பக்கம்."

மாறன் எழுந்தான். கடையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் சர்க்கரைப் பொட்டலமும் எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். வாசலில் கால் வைத்தவனை ஸ்பீக்கரிலிருந்து வந்த குரல் நிறுத்தியது.

"அண்ணி, போனை அண்ணன்கிட்ட குடுங்க."

நந்தினி ரிசீவரை எடுத்து நீட்டினாள். மாறன் அதை வாங்கிக் காதில் வைத்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றான்.

"சொல்றா."

"அண்ணா, செங்கம் ரோட்டுப் பக்கம் அப்பாவுக்கு யாரு இருக்காங்க?"

மாறன் யோசித்தான். சொந்தத்தில் யாரும் இல்லை. கூட்டாளி என்று அப்பா யார் பேரையும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனாக விசாரித்ததும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி போனார்.

"தெர்லடா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"நான் உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான் இனியன்.